பதினொரு விநாடி

டயர் கடைக்கு மேல்மாடியில்தான் ஸ்டூடியோ.
செந்தூல் ரயில் போகும்போதெல்லாம்
சன்னல் கண்ணாடி பல் கடிக்கும்.
கா ஹோங் கையைத் தூக்குவான்.
அப்படியே நின்றுவிடுவோம், வாய் திறந்தபடி சிலர்.
கடைசிப் பெட்டியும் போனபின்
கையை இறக்குவான்: "ஓகே, தென்."
தேன்மலரில் அவன் நாக்குக்கு எட்டியது அவ்வளவு.

நாட்டுக்காகப் போகும் பாட்டு.
மலாய் இருந்தது, மாண்டரின் இருந்தது,
ஆங்கிலம் யாரும் கூப்பிடாமலே வந்து
கால்மேல் கால் போட்டிருந்தது.
"கொஞ்சம் தமிழும்" என்றது குழு,
நாசி லெமாக்குக்கு
இன்னும் கொஞ்சம் சம்பல் கேட்பதுபோல.

பகலில் நான் பல் கிளினிக்கின் முன்மேசையில்
பெயர் கூப்பிடுகிறவள்.
லிம், பாத்திமா, கோவிந்தம்மா, வேறொரு லிம்.
ஒரு அப்பாயின்ட்மென்ட் சீட்டின் பின்பக்கம் எழுதினேன்:

மழை நின்ற பிறகும்
கூரை பேசிக்கொண்டிருக்கிறது.

இவ்வளவுதான். ராகம் இழுத்தால் பதினொரு விநாடி.
பொருள் கேட்டாள் முதன்மைப் பாடகி இஸ்ஸாத்தி.
எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன்.
"எங்கள் வீட்டிலும் தகரக் கூரைதான்" என்றாள்,
பிறகு வெகுநேரம் செல்பேசியைப் பார்க்கவில்லை.

இரைச்சல் விழும் என்று ஏசியை அணைத்திருந்தார்கள்.
முதுகில் சட்டை ஒட்டிய ஏழாவது டேக்கில்
சரியாக வந்தது.
முந்நூற்றைம்பது ரிங்கிட்.
ரசீதில் என் பெயருக்கு நேரே: 'கூடுதல் குரல்'.

பிறகுதான் யாரோ விதிகளைப் படித்தார்கள்.
மூன்று நிமிடத்துக்கு மேல் ஒரு விநாடி கூடாதாம்.
பாட்டு மூன்று நிமிடம், பதினொரு விநாடி.
எதை வெட்டுவதென்று ஒரு வாரம் பேசினார்களாம்.
நம்புகிறேன்.
ஒரு வாரம் இல்லாவிட்டாலும்
ஒரு தே தாரிக் ஆறும் வரையாவது.
கா ஹோங்கின் வாட்ஸ்அப்பில்
அழும் முகம் இரண்டு, கும்பிடும் கை ஒன்று.
நான் ஒரு கட்டைவிரல் அனுப்பினேன்.

அதற்கப்புறம் கிளினிக் வானொலியில்
அந்தப் பாட்டு தொடங்கினால் போதும்,
யார் பெயரையாவது கூப்பிட்டுவிடுவேன்,
முறை வராதவர் பெயரையும்.

போட்டி இரவு, இங்கே அதிகாலை மூன்று.
கால்பந்துக்கு இறக்கும் திரையை
மாமாக் கடையில் எங்களுக்காக இறக்கினார்கள்.
வெட்டிய கதையை நான் தோழிகளிடம் சொல்லவில்லை.
"உன் இடம் எப்படி?" என்று கிள்ளினாள் சாருலோச்சனா.
"இப்ப வரும்."

இஸ்ஸாத்தி வெள்ளிச் சட்டையில் வந்தாள்.
அவள் முதுகுக்குப் பின்னால் மின்திரையில்
தேயிலை மலை, இரட்டைக் கோபுரம், ஓடும் புலி.
இரண்டாம் சரணம் முடிந்து
மேளம் அடங்கிய இடத்தில்
ஒரு மூச்சு.
உள்ளே இழுத்த மூச்சு. என்னுடையது.
ரயில் போன பிறகு
புழுக்கத்தோடு ஏழாம் முறை இழுத்தது.
வரியை வெட்டியவன்
வரிக்கு முந்தைய காற்றை எடுக்க மறந்திருக்கிறான்.
எத்தனை தேசத்து வீடுகளில்
அது அரை நொடி போய் நின்றதோ,
அதற்குள் மேளம் வந்துவிட்டது.

பதினேழாவது இடம்.
வென்ற பாட்டில் ஒரு நாய் குரைத்தது;
நல்ல பாட்டுதான்.
"எங்கேடி வந்தே நீ?" என்றார்கள்.
சத்தத்தில் கேட்டிருக்காது என்றேன்.
கிராப் வந்து ஒவ்வொருத்தியாய் ஏற்றிக்கொண்டு போனது.

மேசை துடைக்க வந்தார் சிக்கந்தர்,
இராமநாதபுரத்திலிருந்து வந்து இரண்டு வருடம்.
"அக்கா, நடுவுல யாரோ
பாட வந்துட்டுப் பாடாமப் போயிட்டாங்களே,
கவனிச்சீங்களா?"

ஈரத்துணி கையிலேயே இருந்தது, நகரவில்லை அவர்.
மணி நாலே கால்.
கோப்பையைத் தள்ளி வைத்தேன்.
அந்நேரம் செந்தூலில் ரயில் கிடையாது.