ஓரத்தில் எழுதியவை

பேர்கனில் மழை, கேட்கவா வேண்டும்.
உறைகளைப் பிரிக்கிறேன்.
கருவுற்றபோது தந்தையின் வயது: நாற்பத்தெட்டு.
தட்டுகிறேன், 48.
கர்ப்பத்தில் காய்ச்சல் கண்டதா: ஆம். 1.
எத்தனை நாள்: மூன்று.
குறைமாதமா: இல்லை. 0.
மூத்த பிள்ளைக்கும் உண்டா:
ஒரு கோடு, அதன்மேல்
காகிதம் கிழியுமளவு இன்னொரு கோடு.

எண்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்ததும்
மாடியில் இருப்பவர்கள் அட்டவணை போடுவார்கள்.
அதில் 'சற்றே கூடுதல்' என்று வரும்.
'இதனால்தான்' என்று வராது.

ஆனால் ஓரங்களில் எழுதிவிடுகிறார்கள்.

*எட்டாம் மாதம் தொட்டில் அறைக்கு
நானே பெயின்ட் அடித்தேன், சன்னலைத் திறக்காமல்.
இதற்குக் கட்டம் எங்கே?*
ஹெர்போர்க், ஃப்ளோரோவிலிருந்து.

*பனியில் வழுக்கி விழுந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.*
பெயரில்லை. பென்சில்.

பென்சிலுக்கு என்னிடம் எண் இல்லை.

என் தம்பி ஒட்வாருக்கு நாலு வயதானபோது
அம்மாவிடம் யாரும் படிவம் நீட்டவில்லை,
நேரே தீர்ப்புதான்.
வெள்ளை அங்கி, வாயில் பைப்:
"உங்கள் மடியில் சூடு போதவில்லை, அம்மணி."

அதன்பிறகு எங்கள் வீட்டில் அடுப்பு அணைந்ததே இல்லை.
ஜூலையிலும்.
வியர்த்து வழிய, சட்டையைக் கழற்றி வீசிவிட்டு
அவன் ஒப்பித்துக்கொண்டிருப்பான்:
முதல் படகு ஆறு பத்து,
அடுத்தது ஆறு ஐம்பத்தைந்து, ஞாயிறு தவிர.

இப்போது அவனுக்கு ஐம்பத்தெட்டு.
அட்டவணையில் பிழை கண்டால்
படகு கம்பெனிக்கு எழுதுவான்.
இரண்டு தடவை பதில் வந்திருக்கிறது:
தவறு எங்களுடையது, வருந்துகிறோம்.
இரண்டையும் குளிர்சாதனப் பெட்டிமேல்
காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறான்.

போன மார்ச்சில், கடைசி வாரம், அம்மா கேட்டாள்:
"உன் ஆபீஸில் என்னதான் சொல்கிறார்கள்?
மடி விஷயம்?"
அதை அடித்துவிட்டார்கள் அம்மா,
எப்போதோ, நான் வேலைக்குச் சேரும் முன்பே.

கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தாள்.
"எனக்கு யாரும் கடிதம் போடவில்லையே."

மணி மூன்றரை. இருட்டிவிட்டது.
தட்டச்சுப் பலகையைத் தள்ளி வைக்கிறேன்.
ஹெர்போர்க்கின் முகவரி
உறையின் பின்பக்கம் இருக்கிறது.
பென்சில்காரிக்குத்தான்
எங்கே அனுப்புவதென்று தெரியவில்லை.