ஏழாம் பயிற்சி: இடம் மாறி உட்காருதல்

கையேட்டில் அதற்கு நாற்பத்தைந்து நிமிடம்.
தேவையான பொருட்கள்: நாற்காலி, அட்டை, மார்க்கர்.
எதிராளியாக நடிக்க வேண்டும், அவ்வளவுதான்.
மோஸ்டாரில் செய்திருக்கிறேன்.
மிண்டனாவோவில் தகரக் கூரை மழைக்கு மேலே
கத்திக் கத்திச் செய்திருக்கிறேன்.
ஜூபாவில் ஜெனரேட்டர் நின்றுபோய்
இருட்டிலேயே முடித்துவைத்தேன்.
பத்தொன்பது வருடம், நான்கு பாஸ்போர்ட்.
எல்லா ஊரிலும் கடைசியில் சிரிப்பார்கள்,
கைதட்டுவார்கள்,
பிறகு டீ.

கைனூக்கில், டுர்க்வெல் ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம்,
பள்ளிக்கூடத்தின் நான்காம் வகுப்பு.
கரும்பலகையில் யாரோ பாதியில் விட்ட பின்னக் கணக்கு.
பன்னிரண்டு துர்கானா, பன்னிரண்டு போக்கோட்.
தடிகளை வாசலில் சாத்திவைக்கச் சொன்னேன், வைத்தார்கள்.
உட்கார அவரவர் மரமணையை
அவரவரே கொண்டுவந்திருந்தார்கள்.
வாடகைக்கு எடுத்த இருபத்து நான்கு நாற்காலியும்
சுவரோரம் நின்று வேடிக்கை பார்த்தன.

போக்கோட் குரோப் லொமாடா
மாட்டைப் பறிகொடுத்த துர்கானாவாக நடிக்க வேண்டும்.
துர்கானாப் பெண் நப்பேயோக்
ஓட்டிக்கொண்டு போனவனாக.

குரோப் எழுந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.
"என் மாடுகளைக் கொண்டுபோய்விட்டார்கள்."
எத்தனை? கேட்கச் சொல்கிறது கையேடு.
"முப்பத்தொன்று."
நன்றாக நடிக்கிறாரே என்று தலையாட்டினேன்.
"அதில் ஒரு செவலை. இடது கொம்பு மட்டும் கீழே வளைந்தது.
நடக்க மாட்டேன் என்றது.
ஆற்று மணலில் இரண்டு தரம் படுத்துக்கொண்டது.
கன்று பின்னால் நின்றுவிட்டது போல."

இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் முதலில் திரும்பினார்கள்.
என் மொழிபெயர்ப்பாளன் எகிடோர்
பாதி வாக்கியத்தில் நின்றான்.
பறிகொடுத்தவர் எப்படிப் பார்த்திருப்பார்
மாடு மணலில் படுத்ததை?

வாசலில் தடிகளை எண்ணினேன். இருபத்தொன்று.
பெண்கள் மூவரும் தடி கொண்டுவரவில்லை என்பது
உடனே நினைவுக்கு வரவில்லை.
'கடும் உணர்வுகள் எழலாம்,
ஐந்து நிமிட இடைவேளை விடவும்'
என்கிறது பக்கம் அறுபத்திரண்டு.
நிரை கவரப் போனால் வெட்சி சூடலாம்,
மீட்கப் போனால் கரந்தை.
இப்படி ஓர் அறையில் வாயடைத்து நிற்பவள் சூட
எந்த இலக்கணமும் எனக்கொரு பூ வைக்கவில்லை.

நப்பேயோக் அழவில்லை. கழுத்து மணிகளை
ஒரு கையால் மேலே தூக்கிவிட்டுக்கொண்டு
கேட்டாள்:
"பால் கொடுத்ததா?"

"எட்டு நாள் கொடுக்கவில்லை," என்றார் குரோப்.
நடிப்புக் குரலை எங்கேயோ விட்டுவிட்டிருந்தார்.
"கத்திக்கொண்டே இருந்தது. ஒன்பதாம் நாள் கொஞ்சம்."

"பேர் சொன்னால்தான் மடி இறக்கும்."

"என்ன பேர்?"

அவள் சொல்லவில்லை.
"கன்றுக்குப் பின்னால் என் பையன் ஓடினான்,"
என்றாள்.

அதற்கு மேல் எகிடோர் எதையும் மொழிபெயர்க்கவில்லை.
பேசப்பட்டதா என்றுகூட எனக்குத் தெரியாது.
நான் டீ வரச் சொல்லவில்லை.
வெளியே யாருடைய ஆடோ
கதவில் உடம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தது.
எவரும் எழுந்து போகவில்லை.
இருட்டும்வரை ஒருவர்கூட.

ஜெனீவாவுக்கு அறிக்கை அனுப்பினேன்.
பங்கேற்றோர்: 24.
நோக்கம் நிறைவேறியதா?
ஆம், ஓரளவு, இல்லை என்று மூன்று கட்டம்.
பேனாவை மூன்றின்மேலும் கொண்டுபோய்க் கொண்டுவந்து
ஓரளவில் ஒரு டிக்.
அந்த விடுதியில் அன்றிரவு கொசுவலைக்குள்
நான்கு மணிவரை விழித்திருந்ததை
எழுத இடம் இல்லை, கேட்கவும் இல்லை.

இரண்டாம் பதிப்புக்குத் திருத்தம் கேட்டார்கள்.
நாற்பத்தைந்தை அடித்தேன்.
பதிலுக்கு என்ன போடுவது என்று
ஆசிரியர் குழு இன்னும் மின்னஞ்சல் அனுப்புகிறது.

போன வாரம் எகிடோர் செய்தி அனுப்பியிருந்தான்.
மாதக் கூட்டம் நின்றுபோகவில்லை;
நிதி நின்றுவிட்டது, கூட்டம் நடக்கிறது, பாலத்தின் மேலேயே.
இருவரும் வருகிறார்களாம்.
ஒவ்வொரு தடவையும் கிளம்பும்போது
அவர் பேரைக் கேட்கிறார்,
அவள் மணிகளைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடந்துவிடுகிறாள்.

செவலை அந்தப் பக்கத்தில்
இரண்டாம் ஈத்து ஈன்றிருக்கிறது.
பால் குறைவுதானாம்.