பென்சில் கோட்டின் அகலம்

போவே நகரில், பிள்ளைகளை அனுப்பிவிட்ட பள்ளிக்கூடம்.
கரும்பலகையில் அழிக்காத ஏழாம் வாய்ப்பாடு.
அதன்மேல் வரைபடத்தை ஆணியடித்திருந்தார்கள்.

நீலப் பென்சில் ஜெனரல் லெஸ்கூர் கையில்,
சிவப்பு ஜெனரல் ட்ரெஹர்ன் கையில்.
நடுவே வெறும் நாக்காக நான்,
காரைக்காலில் பிறந்து
இருவர் பேச்சையும் கற்றதற்குத் தண்டனை.

"முடிந்தவரை நிற்போம்" என்றார் ட்ரெஹர்ன்.
சொன்னேன்.
பிரெஞ்சில் அது
மூட்டை கட்டிவிட்டோம் என்பதுபோல் விழுந்தது.
லெஸ்கூர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"நாங்களும், முடிந்தவரை."
அதையும் சொன்னேன்.

இரு நிறமும் உரசிய இடத்தில் ஓர் ஆறு.
ஆற்றின்மேல் மாவுமில்லுக்குப் போகும் பாலம்.
நீலத்துக்கு அது சிவப்பின் பொறுப்பு,
சிவப்புக்கு நீலத்தின் பொறுப்பு.
கோட்டின் அகலம்
தரையில் முந்நூறு கெஜம்.

வாயெடுத்தேன்.
"ஏதாவது விட்டுப்போனதா?"
"இல்லை ஐயா" என்றேன்,
இரண்டு மொழியிலும், பிழையில்லாமல்.

கைகுலுக்கினார்கள். காப்பி வந்தது.
சர்க்கரை யார் கணக்கில் என்று
கொஞ்ச நேரம் தகராறு.

விடியலில் எதிரி அந்தப் பாலத்தில்
நடந்தே வந்தான்.
ஒரு தோட்டாவும் செலவில்லை.

மூன்றாம் நாள் உத்தரவு:
இரு படைக்கும் இனி ஒரே தளபதி.
இரண்டு பிரதிகளாக வந்தது.
கோட்டை அழிக்கும் வேலை எனக்கு.
ரப்பர் தேய்த்துத் தேய்த்து
பாலம் இருந்த இடத்தில் தாள் கிழிந்தது.

உள்ளே சாக்பீஸில் ஒரு பிள்ளையின் கோணல் கை:
7 × 8 = 54.
யாரும் திருத்தவில்லை.