பட்டியலில் இல்லாத இடம்

நாளை மதியம் கப்பல் எங்களை பெர்கனில் இறக்கிவிடும்.
ஒரு ராத்திரி விடுதி.
மறுநாள் காலை எட்டுக்கு ஒரு நிமிடம் இருக்கையில்
டிராம்மனுக்கு ரயில்.

இதை ஹால்வார் இதுவரை நான்கு தாள்களில் எழுதிவிட்டான்,
பென்சிலால்.
பேனா முடிவானதற்கு என்பான்.
இருபத்தாறு வருடத்தில் எங்கள் வீட்டில்
பேனாவால் எழுதியவை
அடமானப் பத்திரமும்
நாய் செத்த தேதியும்.

"வொஸ் வரைக்கும் இடப்பக்கம் உட்காரணும், இங்குன்.
தண்ணீர் அந்தப் பக்கம்தான்.
மீர்டாலில் இறங்கி ஃப்ளோம் வரை போய்
அருவியைப் பார்த்துவிட்டு ஏறி வரலாம்.
மூன்று மணி நேரம் கூடுதல்.
பெட்டிகள்தான் இடைஞ்சல்."

வேண்டாம் என்றேன்.
எனக்கு அருவி திகட்டிவிட்டது.
பதினோரு நாளாக ஒலிபெருக்கி சொல்லச் சொல்ல
வலப்பக்கம் ஓடினோம், கடல்கழுகு.
இடப்பக்கம் ஓடினோம், ஏழு மலை.
சாப்பாட்டு மேசையில் மீன் ஆறிக் கிடந்தது.
கப்பல் ஒருநாள் எங்கள் பக்கமே சாய்ந்துவிடும் என்று
பரிமாறுகிற பெண் சிரித்தாள்.

ராத்திரி என்று ஒன்று வரவேயில்லை.
கீழே விழத் தெரியாத சூரியன்
கடல் விளிம்பில் உருண்டுகொண்டே இருந்தது.
தெற்கே இறங்கிய பிறகும்
திரையின் ஓரத்தில்
ஒரு கோடு வெளிச்சம் மிச்சம்.
சில வார்த்தைகளுக்கு இருட்டு வேண்டும்,
மாவு பொங்க
மேலே ஒரு துணி வேண்டியிருப்பதுபோல.

வார்டோவில் கப்பல் நின்ற ஒரு மணி நேரத்தில்
இவன் கோட்டையைப் பார்க்கப் போனான்,
எட்டு முனை இருக்கிறதா என்று எண்ண.
நான் ஒரு மாடி அறைக்கு
முன்பணம் கட்டினேன்.
கீழே வலை சரிபார்க்கும் கொட்டகை.
ஜன்னலில் மரம் என்று ஒன்றுகூட இல்லை.
அது எனக்கு ஏன் பிடித்தது என்று
இன்னும் தெரியவில்லை.
செப்டம்பரிலிருந்து என்றாள் வீட்டுக்காரி.
ஒருவரா, இருவரா என்று கேட்டாள்.
கப்பல் ஊதியது, ஓடிவந்துவிட்டேன்.

அவன் தாளை நான் தலைகீழாகப் படிக்கிறேன்.
அவன் எழுதியவை ஏரி, பனிப்படுகை, மரப்பாலம்.
நான் தேடுவது சுரங்கங்களை.
நூற்றுக்கு மேல் உண்டாம்.
பெரும்பாலும் மூச்சுவிடும் நேரம்தான்;
ஒரு "அப்புறம்" சொல்லலாம், அவ்வளவே.
வரைபடத்தில் மீர்டால் தாண்டி
ஃபின்சேவுக்குச் சற்று முன்னால் ஒன்று,
பத்து கிலோமீட்டர்.
அங்கே வெளியே எதுவும் இருக்காது.
கண்ணாடியில் அவன் முகமும் என் முகமும்
ஒரே பக்கம் பார்த்தபடி இருக்கும்.
நேருக்கு நேர் பார்க்காமலே
பேசிவிடலாம்.

"இங்கே ஒன்றும் எழுதவில்லையே" என்றேன்,
விரல் வைத்து.
"அங்கே பார்க்க ஒன்றுமில்லை.
ஐந்து நிமிடம் வெறும் இருட்டு."
"பேசலாம்."

அவன் என்னைப் பார்க்கவில்லை.
பென்சிலைக் கூர்பார்த்தான்.
பிறகு ஏரிக்கும் பனிப்படுகைக்கும் நடுவே
சின்ன எழுத்தில் நுழைத்து எழுதினான்:
பேசுவது.

காபி ஆறியது.
ஒலிபெருக்கி ஏதோ ஒரு தீவைச் சொன்னது.
மேசைகள் காலியாயின. நாங்கள் எழவில்லை.

"வீட்டைப் பற்றியா?"
"வீட்டைப் பற்றியும்."

நெடுநேரம் அட்டவணையைப் புரட்டினான்,
முன்னும் பின்னும்,
ஓரத்தில் கூட்டல் போட்டான், அழித்தான்.
கடைசியில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு,
அந்த மலையைக் குடைந்தவனே தான் என்பதுபோல
தாழ்ந்த குரலில் சொன்னான்:
"இதைவிட நீளமானது
இந்தப் பாதையில் இல்லை."