எடுக்கும் கிழமை

செவ்வாய் வைப்பதற்கு,
வியாழன் எடுப்பதற்கு.
மலாவி ஏரிக்கரையில், எங்கள் சுகாதார நிலையத்துச் சுவரில்
அப்படித்தான் எழுதியிருக்கிறது.
பிளேடு இருந்தால், மரப்பு மருந்து இருந்தால்
என்பதை எழுதவில்லை.

முதலில் வந்தவள் தவோங்கா.
கையைத் தலைக்கு மேல் மடித்துப் படுத்து
கூரைத் தகரத்தின் ஆணிகளை எண்ணினாள்.
லேசில் வந்துவிட்டது குச்சி.
இனி ஒரு பெண் பிள்ளை, என்றாள்,
பெயர்கூட வைத்தாயிற்று, சொல்ல மாட்டேன்.
தட்டில் கிடந்தது அவளுடைய மூன்று வருடம்,
தலை இல்லாத தீக்குச்சி.

அடுத்தது ஃபைனெஸ்.
நகக்கண்ணில் உசிபா மீனின் செதில்.
வாசலில் சைக்கிளைச் சாய்த்துக்கொண்டு அவள் புருஷன் லைசன்,
மழைக்கு முன்பு ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து திரும்பியவன்.
தூக்கத்தில் அவள் கையைப் பிடித்தபோது
கட்டைவிரலுக்கு அகப்பட்டுவிட்டதாம்.
சின்ன வயதில் ஏறிய மீன்முள் என்றாளாம்.
இரண்டு ராத்திரி நம்பினான்.

தடவிப் பார்த்தேன். இருந்தது,
பாய்க்கடியில் மறந்துபோன ஈர்க்கு மாதிரி.
ஊசியை எடுத்தேன்.

அப்போதுதான் சொன்னாள்,
கண்ணை வாசலிலேயே வைத்துக்கொண்டு:
சிஸ்டர், கீறு. கட்டுப் போடு.
எடுக்காதே.

ஐந்தாவது என் கையில்தான் பிறந்தது.
அன்று நான் கழுவி ஊற்றிய வாளிகள்
எத்தனை என்று அவளுக்குத் தெரியாது,
நினைவில்லாமல் கிடந்தாள்.
எனக்குத் தெரியும்.

குச்சியைக் காட்டச் சொல்வானே, என்றேன்.
அவள் தட்டைப் பார்த்தாள்.
நானும் பார்த்தேன்.

வெளியே வெயில்.
பஞ்சில் வைத்துக் கொடுத்ததை
உள்ளங்கையில் வாங்கினான் லைசன்.
இவ்வளவுதானா?
வளைத்தான். நிமிர்ந்தது.
மறுபடி வளைத்தான்.
நிமிர்ந்தது.
கீறின இடம் தடிப்பாகத்தான் இருக்கும், அழுத்தாதே, என்றேன்.
எத்தனை நாளைக்கு?
அது ஆளுக்கு ஆள் மாறும்.
சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.
கேரியரில் ஒருபக்கமாக உட்கார்ந்து அவள் போனாள்,
கட்டுப் போட்ட கையை
பிறந்த குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு.
நன்றி சொல்லவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.
சரிதான், பார்த்திருந்தால் அவனும் பார்த்திருப்பான்.

சாயங்காலம் பதிவேட்டைத் திறந்தேன்.
எடுத்தவை: ஒன்று.
தவோங்காவின் பெயருக்கு நேரே ஒரு டிக்.
ஃபைனெஸ் பெயருக்கு நேரே
பேனா கொஞ்சம் நின்றது.
கட்டு மாற்றம், என்று எழுதினேன்.

பத்தொன்பது வருட வேலையில்
இது முதல் பொய்யா என்று யாராவது கேட்டால்,
இல்லை.