முதல் கோப்பை

ஹார்ன் ஒன்று அடித்தால் கரக் ஒன்று.
இரண்டு அடித்தால் இரண்டு என்று அர்த்தமில்லை,
கோபம் என்று அர்த்தம்.
ஷார்ஜா, அபு ஷகாராவின் இந்த முக்கில்
யாரும் காரை விட்டு இறங்குவதில்லை.
கண்ணாடி நான்கு விரற்கடை இறங்கும்.
உள்ளேயிருந்து குளிர் ஒரு சாண் வெளியே வந்து
என் மணிக்கட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பும்.
பெரும்பாலும் அதுதான் டிப்ஸ்.

ஐந்து மணியிலிருந்து ஒன்பது வரை
பதினாலு, பதினைந்து வண்டிகள்.
எல்லாம் நிற்கின்றன, எல்லாம் ஓடுகின்றன.
இந்த இலக்கணத்தை
நான் இங்கே வந்துதான் படித்தேன்.

தட்டை உயர்த்திப் பிடித்துக்கொண்டு
இரண்டு பம்பருக்கு நடுவே பக்கவாட்டில் நுழைகிறேன்.
சைலன்ஸர் முழங்காலுக்குக் கீழே மூச்சு விடுகிறது.
கால்சட்டையில் அந்த உயரத்தில் மட்டும்
ஒரு சாம்பல் பட்டை, எந்தச் சோப்புக்கும் அசையாது.
இரவு மூக்கைச் சிந்தினால் கைக்குட்டையில் மை.
ஏலக்காய் இடித்த விரலில்
ஏலக்காய் மணக்கவில்லை என்பதைப்
போன மாதம்தான் கவனித்தேன்.

கிளினிக்கில் டாக்டர்
தலை நிமிராமல் கேட்டார்: புகை பிடிப்பீர்களா?
நான் பிடிக்கவில்லை சார்,
அதுதான் என்னைப் பிடித்திருக்கிறது
என்று சொல்ல வாயெடுத்து
"இல்லை சார்" என்றேன்.
இருமல் மருந்து, இருபத்திரண்டு திர்ஹம்.

அன்று மாலை ஒரு சட்டம் போட்டேன்.
எழுதி ஒட்டவில்லை, எவரிடமும் சொல்லவில்லை.
இஞ்சினை அணைப்பவருக்கு முதல் கோப்பை.
லேண்ட் குரூஸராக இருக்கட்டும்,
நம்பர் பிளேட்டில் மூன்றே இலக்கம் இருக்கட்டும்,
அணைக்காதவர் பின்னால்.
அந்த வரிசை என் தலைக்குள் மட்டும் நின்றது.

முதல் வாரம் ஒரே ஒருவர்.
பழைய சன்னி, ஒரு கதவு மட்டும் வேறு நிறம்,
பின் சீட்டில் மருந்துப் பெட்டிகள்.
டெரன்ஸ். பெட்ரோல் மிச்சம் பிடிக்கத்தான் அணைத்தார்.
இருக்கட்டும், காற்று காரணம் கேட்பதில்லை.

மூன்றாம் வாரம் டாக்ஸிக்காரர் குல்ரேஸ்கான்
கண்டுபிடித்துவிட்டார்.
என்னைப் பார்த்துக்கொண்டே சாவியைத் திருப்பினார்,
மீசைக்குள் சிரித்தார்.
அவர் யாரிடம் சொன்னாரோ,
பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை ஆறு வண்டிகள் மௌனம்.
பால் பொங்கப் போவதை
முதல் தடவையாகக் காதால் தெரிந்துகொண்டேன்.

பீரான்குட்டிக்கா கல்லாவிலிருந்து கத்தினார்:
"பிராடோ நிக்குது, நீ சன்னிக்குக் கொண்டு போறியா?"
"சன்னிக்குச் சர்க்கரை இல்லாத டீ இக்கா,
அது முதலில் ரெடி."
இரண்டாவது பொய் தேவைப்படவில்லை,
அவர் தொலைபேசி அடித்தது.

ஜூலை வந்தது.
நாற்பத்தாறு டிகிரி, ஈரக் காற்று,
பின் சீட்டில் குழந்தையோடு ஒரு பெண்.
இஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது.
அணைக்காததற்காக அவளைக் காக்க வைக்க
எனக்கு என்ன தகுதி?
எட்டுப் பேர் படுக்கும் என் அறையின் ஏசி
இரவெல்லாம் சந்துக்குள் அனலைத்தான் தள்ளுகிறது.
என் சட்டத்துக்கு நானே திருத்தம் எழுதினேன்.
முதல் கோப்பை அவளுக்கு.

பிறகு தேநீரை முன்கூட்டியே வார்த்து வைத்தேன்.
குழம்பிய முடிகளை அளவு வாரியாக அடுக்கினேன்.
ஒரு வண்டிக்கு நான்கு நிமிடம் என்பது
இரண்டு நிமிடமானால்
புகையும் பாதிதானே.
கணக்கில் பிழையில்லை.

வண்டிகள் நிற்கின்றன.
ஓடுவது இப்போது நான்.
ஹார்ன்.
இரண்டு.