எஸ்.டி.ஏ. மூன்று

களியக்காவிளை சந்தைக்குப் பின்னால்
ரப்பர் ஷீட்டுக் கடையின் மாடி,
ஞாயிறு மூன்று மணி.
கீழிருந்து ஏறிவரும் புளித்த பால் வாடை
யார் மூக்கிலும் இப்போது தங்குவதில்லை.

பழைய பெட்டியை முதலில் எழுப்புவோம்.
உள்ளே பொத்தான் பேட்டரி செத்து நாளாயிற்று.
கண் திறக்கும்போதெல்லாம் அதற்கு
இரண்டாயிரத்து ஒன்பது, ஜனவரி ஒன்று.
இஞ்சிவிளைக் கோபுரத்திலிருந்து இணையம் வந்து
காதில் ஓதிய பிறகுதான் இன்றைக்கு வந்துசேரும்.

"முப்பது ரூவா பேட்டரியாக்கும். வாங்கிப் போடப்பிடாதாடே?"
"போன வாரம் ஒனக்கிட்டதான சொன்னது."
"எனக்கிட்டயா?"
நாலு வருஷமாகக் கூட்டத்தின் முதல் தீர்மானம் இது.
மினிட்ஸ் எழுத ஆளில்லாததால் நிறைவேறவில்லை.

ஷிபுகுமார் பாறசாலையிலிருந்து வருவான்.
"என்றெ ரூட்டு இவிடெ, ஹோமு அவிடெ" என்பான்
ஒவ்வொரு வாரமும், அதே இடத்தில் நிறுத்தி.
யாரும் சிரிப்பதில்லை; அவனே சிரித்து முடிப்பான்.
மெர்லின் விஜிலாவுக்கு ஒரு கொம்புத் தகராறு:
கெ எழுதினால் கொம்பு ஒரு பக்கம்,
ககரம் ஒரு பக்கம் நிற்கிறது.
"ரெண்டும் பிணங்கி இருக்கு, பேசி வைக்கணும்."
எழுத்துருவா, பதிப்பா என்று அரைமணி நேரம் போகும்.
நேந்திரங்காய் சிப்ஸ் எண்ணெய் விசைப்பலகையில்
எஃப் முதல் ஜே வரை மினுங்கும்.

மாதத்துக்கு ஒருவர் புதிதாகப் படியேறி வந்து
டாலி இதில் ஓடுமா என்பார்.
ஓடாது என்று சொல்ல
எங்களுக்கு முக்கால் மணி நேரமாகும்.
பிறகு அவர் செருப்பைத் தேடும் சத்தம்.

பீர்முகம்மது காக்கா போகவில்லை.
பார்சல் ஆபீஸ் கணினி திணறுகிறது, மாற்றித் தா என்றார்.
மாற்றியது நான்.
எஸ்.டி.ஏ. இரண்டு என்று நினைத்து மூன்றில் கைவைத்தேன்.
நிச்சயமா என்று கேட்டது.
ஒய் தட்டச் சொன்னது.
ஓய் என்று ஒருத்தராவது
அந்த நேரம் என்னைக் கூப்பிட்டிருக்கலாம்.
ஷிபு டீக்குச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தான்.
ஒய்.

"சவத்த" என்றேன். அதற்குமேல் நாக்கு எழவில்லை.

விஜிலா சொன்னாள்: "கையை எடு. இனி அதுமேல
ஒரு எழுத்து எழுதப்பிடாது.
பேருதான் போயிருக்கு.
ஆளு உள்ளதான் கிடக்கும்."

ராத்திரி முழுக்க ஓடியது.
காலையில் பதினோராயிரம் கோப்புகள்,
பெயருக்குப் பதில் எஃப்பும் எட்டு இலக்கமும்.

அடுத்த மூன்று ஞாயிறும் பெயர் சூட்டினோம்.
"இது பாலராமபுரம் கைத்தறி, மூணு கட்டு."
"இது?"
"கருங்கல் ஜவுளிக்கடை. காசு தரமாட்டான்."
"என்ன பேரு போட?"
"கருங்கல் காசு தராதவன்னே போடு."
லாரி பில், மழையில் நனைந்த லாரி பில்,
மகள் நிக்காஹ் பந்தி,
யாருடைய பெருவிரலோ.

பிறகு குழித்துறைப் பாலத்துக் கைப்பிடியில் சாய்ந்து
சிவப்புச் சட்டையில் ஒரு பையன்.
"இது யாரு காக்கா?"
மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.
"தேதி கிடக்கா இதுல?"
"இல்ல. அழிஞ்சாச்சு."
கீழே யாரோ ஷீட்டு உதறினார்கள்.
"இதுக்கு நம்பரு போதும்" என்றார்.
சொல்ல ஒன்று தேடிய ஷிபு
சிப்ஸ் பொட்டலத்தை அவர் பக்கம் நகர்த்தினான்.

நான்காம் ஞாயிறு பேட்டரி வாங்கிப்போனேன்,
செய்த பிழைக்கு முப்பது ரூபாய்ப் பரிகாரம்.
காக்கா முன்பே வந்திருந்தார்.
பெட்டி எழுந்துகொண்டிருந்தது:
இரண்டாயிரத்து ஒன்பது, ஜனவரி ஒன்று.
"இருக்கட்டும்டே. பைய மாத்தலாம்."
திரையையே பார்த்திருந்தார்,
இஞ்சிவிளைக் கோபுரம் வரும்வரை.

விஜிலா மூச்சு வாங்க ஏறி வந்தாள்.
"எவனாவது பேட்டரி வாங்கினியளா?"
"ஒனக்கிட்டதான சொன்னது" என்றேன்.